பேயின் பெயர் தாங்கிய உலோகம்

கோபால்ட் என்னும் உலோகத்தைப் பற்றி வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது ஒரு குட்டிச்சாத்தானின் பெயர் என்பதை அறிவீர்களா?

ஜெர்மானிய மக்களின் பழைய நம்பிக்கையில் 'கோபோல்ட்' என்பது வீட்டில் மறைந்து வாழும் ஒரு குறளி. மனம் குளிர்ந்தால் வேலைக்கு உதவும். கோபம் வந்தால் தொல்லை தரும். சுரங்கத்தின் இருளிலோ அது கொடிய பேயாகவே கருதப்பட்டது. அதற்குக் காரணம் உண்டு.

16-ஆம் நூற்றாண்டில் சாக்சனி மலைப்பகுதியில் வெள்ளி தோண்டியவர்களுக்கு வேறொரு தாதுவும் கிடைத்தது. அதை உலையிலிட்டால் வெள்ளி வரவில்லை, நச்சுப்புகையே வந்தது. ஈரமான தாது கைகால்களை அரித்துப் புண்ணாக்கியது. 1556-இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல் இக்கொடுமையைக் குறிப்பிடுகிறது. பேய்தான் வெள்ளியைத் திருடிக்கொண்டு இதை வைத்துவிட்டது என்று எண்ணி, தாதுவுக்கும் பேயின் பெயரையே இட்டனர்.

உண்மையில் அங்கே ஒளிந்திருந்தது ஆர்செனிக். தாதுவைச் சுடும்போது அது ஆக்சிஜனுடன் கூடி, ஆர்செனிக் ஆக்சைடாகிப் புகையுடன் வெளியேறும். அதுவே தொழிலாளரை வருத்திய நஞ்சு.

1730-களில் சுவீடன் நாட்டு அறிஞர் கேயோர்க் பிராண்ட் இத்தகைய தாதுவிலிருந்து ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். கண்ணாடிக்கு நீல நிறம் தருவது அதுவே என்றும் காட்டினார். பேயின் பெயர் உலோகத்துக்கு நிலைத்தது. 1751-இல் குரோன்ஸ்டெட் கண்டறிந்த நிக்கலும் இவ்வாறே ஒரு சுரங்கக் குறளியின் பெயரைத் தாங்கியதுதான்.

பேய் என்று நம்பினால் மந்திரிக்கத் தோன்றும். ஆர்செனிக் என்று அறிந்தால் புகைபோக்கி கட்டத் தோன்றும். எது தொழிலாளியின் உயிரைக் காக்கும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.