மன்னார்த் துறையும் மாறிவந்த சட்டங்களும்

தொழிற்சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன என்பது நம் நாட்டு முதலாளிமார் நெடுங்காலமாகப் பாடிவரும் பல்லவி. இன்று ஒரு சட்டம், நாளை அதற்கொரு திருத்தம், மறுநாள் ஒரு வர்த்தமானி அறிவித்தல். இவற்றையெல்லாம் தொடர்ந்து அறிந்து, கணக்கேடுகளையும் திருத்திக்கொண்டு தொழில் நடத்துவது எங்ஙனம் என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமற்றதன்று. ஆயினும் அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. சட்டம் மாறிய போதெல்லாம் அதனை முதலில் அறிந்தவர் யார்? கடைசியில் அறிந்தவர் யார்? இதற்கு விடை தேடுவோர் மன்னார்க் கரையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாற் போதும்.

மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கிய காலம் முதல் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிச் சீமைகளின் ஏழை உழவர் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்து வந்தனர். வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைப் பின்னின்று தள்ளின. கங்காணியின் ஆசைவார்த்தை முன்னின்று இழுத்தது. மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையிலும் தோணிகளை விட்டு இறங்கிய அவர்கள், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை 100 மைலுக்கு மேல் காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழி நெடுகிலும் பலரைப் பலிகொண்டன. இத்துயரக் கதையை நம்மவர் பலர் எழுதியுள்ளனர். மன்னார்க் கரையில் கால்வைத்த அக்கணமே அம்மக்கள் மற்றொரு சட்டத்தின் ஆளுகைக்குள் புகுந்துவிட்டனர் என்பதைத்தான் நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

அச்சட்டம் யாது? எசமானுக்கும் வேலையாளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை ஒழுங்கு செய்ய 1841இல் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1865இல் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. ஒருவன் முன்னறிவித்தல் கொடாது வேலையை விட்டு நீங்கினால், அது கடன் கொடாமை போன்ற உரிமை வழக்கன்று, சிறைக்குரிய குற்றம். கூலி கொடாத துரையையும் தண்டிக்கலாம் என்று அதே ஏட்டில் எழுதியிருந்தது உண்மையே. ஆனால் துரைக்கு எதிராக முறையிட வேண்டியவன், அந்தத் துரையின் அனுமதியின்றித் தோட்டத்தின் எல்லையைத் தாண்ட அஞ்சியவன், எழுத்தறியாதவன், நீதிமன்றத்தின் மொழியையும் அறியாதவன். ஏட்டில் இருபுறமும் கூரான வாள், நடைமுறையில் ஒருபுறமே வெட்டியது.

இங்கிலாந்தில் தொழிலாளர் இயக்கம் வலுப்பெற்றதன் பயனாக, வேலை ஒப்பந்தத்தை மீறியவனைச் சிறையிலிடும் முறை 1875இல் பொதுவாக ஒழிந்தது. அதே முடியின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையிலோ அது மேலும் 46 ஆண்டுகள் நீடித்தது. ஆள்பவரின் நாட்டுக்கு ஒரு நீதி, ஆளப்படுபவரின் நாட்டுக்கு ஒரு நீதி என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கோப்பி நோயுற்று அழிந்து, தோட்டங்கள் வீழ்ந்தபோது, மாதக்கணக்கில் கூலி காணாத மக்கள் தெருவில் நின்றனர். தோட்டத்தின் மீதான முதற்கடன் தொழிலாளியின் கூலியே என்று 1884இல் சட்டம் வந்தது. 1889இல் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒரு மாதக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தாற் போதும் என்று அது வகுத்தது. இரண்டு மாதம் பொறுத்திருக்கும் குடும்பம் எதனை உண்டு பொறுத்திருக்கும்? கங்காணியின் கடனை உண்டுதான். தோட்டத்தார் பற்றுச்சீட்டு என்று வழங்கிய விடுகைச் சீட்டு இல்லாதவனை வேறு தோட்டம் வேலைக்கு எடுக்கலாகாது என்ற விதியும் அவனை அக்கடனோடு பிணைத்தது.

இச்சட்டங்கள் மாறியபோதெல்லாம் துரைமார் திகைத்து நிற்கவில்லை. 1854இலேயே கண்டியில் அவர்கள் தோட்டக்காரர் சங்கம் கண்டிருந்தனர். சட்டநிரூபண சபையில் அவர்களுக்காகப் பேசும் குரல் இருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் இருந்தன. 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவி, ஆள்சேர்ப்பையும் ஒழுங்குபடுத்திக் கொண்டனர். புதிதாக வந்த சின்னத்துரை தமிழ் கற்பதற்கு ‘இங்கே வா’ என்ற பெயரிலேயே ஒரு கைந்நூலும் அச்சாயிற்று. ஆணையிடத் தேவையான தமிழைக் கற்பிக்க நூல் இருந்தது. ஆணைக்கு உட்பட்டவன் தன் உரிமையைத் தமிழில் கற்பதற்கு ஏற்பாடு இல்லை.

இதன் உச்சநிலையே துண்டு முறை. இவ்வளவு ரூபா கடனைத் தீர்த்தால் இக்கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. அதனை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்குப் போவான். புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களைப் பெறுவான். ஆளுக்கு ஆள் தட்டுப்பாடு கூடக்கூடத் துண்டின் தொகையும் ஏறிற்று. அந்த ஏற்றத்தில் கங்காணி கொழுத்தான். கடனோ அடிமட்டத் தொழிலாளியின் தலையில் விழுந்தது.

இதே மன்னார்க் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பகுதிகளில் நடந்த முத்துச் சலாபத்தை இங்கு ஒப்பு நோக்குவது தகும். குளிகாரர் தாம் எடுத்த சிப்பியைக் கொட்டில் மூன்று சமக் குவியல்களாகப் பிரிப்பர். அதிகாரி வந்து இரண்டைத் தெரிந்து அரசுக்கு எடுப்பார்; எஞ்சிய ஒன்று குளிகாரருக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்கு, கரையில் நின்ற அரசுக்கு இரண்டு பங்கு என்பது நீதியன்று. ஆனால் அந்த விதி ஒவ்வொரு குளிகாரனுக்கும் தெரியும். பங்கு அவன் கண்முன் பிரிந்தது; பிரித்தவனும் அவனே. பங்கில் ஏமாற்ற முயன்றால் அக்கணமே கூச்சல் எழும். தோட்டத்துக்கு நடந்தவனின் கணக்கோ கங்காணியின் துண்டிலும் துரையின் பேரேட்டிலும் இருந்தது. ஒரே கரையில் இறங்கிய இரு உழைப்பாளருள் விதியை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இருந்த வேற்றுமை இது.

20ஆம் நூற்றாண்டில் காற்றுத் திசை மாறிற்று. 1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் வந்தன.  மண்டபம் முகாமும் அதன் சோதனைகளும் வந்தன. இந்தியாவிலோ, பிஜி முதலிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் கொடுமைக்கெதிரான கிளர்ச்சி 1917இல் அதனை நிறுத்தச் செய்தது. இலங்கையில் சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1919இல் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் அமைத்து, சிறைத்தண்டனை விதியை எதிர்த்து வாதாடினார். இவற்றின் விளைவாக 1921இல் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டையும் சிறைத்தண்டனையையும் நீக்கிற்று. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம், 1923இல் அதற்கிணங்க இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம், 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என அடுத்தடுத்து வந்தன. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் எனக் கூலி அமைந்தது. அதே 1929இல் இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் தோன்றிற்று. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும், சட்டத்தால் வந்த கூலி சட்டத்தாலேயே குறைக்கப்பட்டது.

நம்மைக் காப்பது சட்டத்தின் எழுத்து மட்டுமன்று என்பதை இதனின்றும் உணர்கிறோம். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். ‘தேசபக்தன்’ பத்திரிகையில் அவர்களுக்காக எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிப் பாடினார். எழுத்தறியாதவனின் காதுக்குச் செய்தியைக் கொண்டுபோன அப்பாட்டும் பேச்சும், வர்த்தமானி செய்யாத வேலையைச் செய்தன. 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும், 1941இல் சம்பளச் சபைக் கட்டளைச் சட்டமும் வெறும் கருணையால் வந்தனவல்ல.

எனினும் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறிக்கும் வித்தையையும் இந்நாடு கண்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. கூலிச் சட்டம் இருந்தது. அதனைக் காக்கும் வாக்குச்சீட்டு பறிபோயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமானபின், பாட்டனார் இறங்கிய அதே மன்னார்க் கரையிலிருந்து பேரப்பிள்ளைகள் தலைமன்னார்க் கப்பல் ஏறினர். 1984இல் அக்கப்பல் நின்றுபோகும் வரை இக்கண்ணீர்ப் பயணம் தொடர்ந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2016இன் 3ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 10,000 ரூபாவாக வகுத்தது. 2021இல் அது 12,500 ஆயிற்று. 2024இல் 17,500 ஆயிற்று. 2025ஆம் ஆண்டின் திருத்தம் அதை அவ்வாண்டு ஏப்பிரல் முதல் 27,000 எனவும், 2026 சனவரி முதல் 30,000 எனவும் உயர்த்தியது. பத்தாண்டுக்குள் இத்தனை மாற்றம்! இரண்டு ஆட்களை வைத்துச் சிறுகடை நடத்தும் மன்னார் வணிகன் இவற்றைத் தொடர இடர்ப்படுவான் என்பதை நாம் மறுக்கவில்லை. பெருநிறுவனத்துக்குச் சட்டத்தரணியும் கணக்காளரும் உளர், அவனுக்கு யாருளர்? ஆனால் அவன் கடையில் நிற்கும் பெண்ணுக்கும், கருவாட்டு வாடியில் மீன் வெட்டும் தாய்க்கும், உப்பளத்தில் வெயில் காய்பவனுக்கும் அதுகூட இல்லை. விலைவாசி ஏறும்போது சம்பளச் சட்டம் மாறாது நிற்குமானால், அந்த அமைதிக்கு விலை கொடுப்பவர் இவர்களே. சட்டம் மாறுவது குற்றமன்று. மாறிய செய்தி ஒருசாராரின் மேசையோடு நின்றுவிடுவதே குற்றம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! 1865இன் சட்டத்தை அன்று மன்னார்த் துறையில் எவரும் அம்மக்களுக்குப் படித்துச் சொல்லவில்லை. இன்று வர்த்தமானி தமிழிலும் வருகிறது. படிக்கத் தெரிந்தோர் ஊர்தோறும் இருக்கின்றனர். நாட்கூலி எவ்வளவு, சேமலாப நிதி யாது, முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்தில் எவ்வாறு பதிவது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சிறுகடைக்காரனும் அதைப் படிக்கட்டும். அவனிடம் வேலை செய்பவளும் படிக்கட்டும். குளிகாரன் தன் பங்கைத் தானே பிரித்துப் பார்த்த கரை இது. இங்கு உழைக்கும் ஒவ்வொருவரும் தம் பங்கின் கணக்கை அறியும்படி செய்வது படித்தவர்களாகிய நம் கடன்.