இலண்டன் இல்லங்களில் கடினநீர்

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிவிக்கும் முறையைத் தமிழர் நன்கறிவர். கடினநீரின் குறையோ கண்ணுக்குப் புலனாவதன்று. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். சவர்க்காரத்தைத் தேய்த்தால் நுரை எழாது, வெண்கசடே திரளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் இல்லத்தரசியர் நாள்தோறும் மல்லாடியது இத்தகைய நீரோடுதான்.

அந்நகருக்கு நீரளித்த தேம்சு ஆறு சுண்ணப்பாறை நிலங்களூடே வருவது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று அப்பாறையைக் கரைக்கிறது. கொதிக்கவைத்தால் வாயு வெளியேறச் சுண்ணாம்பு படிந்துவிடும். தேநீர்க் கெண்டியின் உட்புறத்தில் கல்போல் ஏறும் படிவு இதுவே. சிப்பி ஓடொன்றைக் கெண்டியுள் இட்டு, படிவு அதன்மேல் சேருமாறு செய்த குடும்பங்களும் உண்டு. துணி துவைப்போர் சலவைச் சோடாவைக் கலந்தனர். அவர்தம் கைத்தோல் வெடித்தது. மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பதற்கோ ஏழையரின் ஒற்றையறை வீட்டில் இடம் ஏது? போதாக்குறைக்குச் சவர்க்காரத்தின்மீது அரசு வரியும் விதித்திருந்தது. 1853இல்தான் அவ்வரி நீங்கியது. வாங்கிய சவர்க்காரத்தில் ஒரு பகுதி அழுக்கைத் தொடுமுன்பே சுண்ணாம்போடு சேர்ந்து வீணாயிற்று.

இலண்டன் கிணறொன்றின் நீரை ஆராய்ந்த என்றி கேவண்டிசு, சுண்ணாம்பை நீரில் கரைத்து வைத்திருப்பது இவ்வாயுவே என 1767இல் விளக்கினார். அவ்வுண்மையைப் பயன்படுத்தியவர் அபர்தீன் நகர வேதியியற் பேராசிரியர் தாமசு கிளார்க்கு. கடினநீரில் மேலும் நீற்றுச் சுண்ணாம்பைச் சேர்த்தால் அது வாயுவைக் கவர்ந்துகொள்ளும். பழைய சுண்ணாம்பும் புதிய சுண்ணாம்பும் ஒருங்கே அடியில் படியும். முள்ளை முள்ளால் எடுக்கும் இம்முறைக்கு அவர் 1841இல் காப்புரிமை பெற்றார். சவர்க்காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக் குலுக்கி, நுரை நிலைக்கும் அளவைக்கொண்டு கடினத்தன்மையைக் கணக்கிடும் சோதனையும் அவர் வகுத்ததே.

1850இல் பொதுச் சுகாதார வாரியம், தேம்சைக் கைவிட்டுச் சர்ரே மணற்பகுதிகளின் மென்னீரைக் கொணரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. சவர்க்காரமும் தேயிலையும் மிச்சமாகும் என்பதும் அது காட்டிய காரணங்களுள் ஒன்று. பரிந்துரை நிறைவேறவில்லை. 1852ஆம் ஆண்டுச் சட்டம் குடிநீரை மணலில் வடிகட்டச் செய்தது. மணல் சேற்றைத் தடுக்கும். கரைந்த சுண்ணாம்பைத் தடுக்காது.

இலண்டன் தவறவிட்டதைக் கிளாசுகோ பெற்றது. 1859இல் காத்ரின் ஏரியின் மென்னீர் அந்நகர இல்லங்களை அடைந்தது. ஆயினும் அந்நீர் வீட்டுக் குழாய்களிலிருந்த ஈயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து வந்தது. அதனைத் தணிக்க, 1978இல் அந்நீரில் சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கினர்.