தங்கவயலும் தேராவும்

துபாயில் எங்கள் தாத்தாவுக்குப் பிடிக்காத இடம் ஒன்றுதான்: தேராவில் இருக்கும் கோல்ட் சூக். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் முதலில் அங்கேதானே கூட்டிக்கொண்டு போவோம்? கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய மாலைகளை இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு, "இந்த ஊர் மண்ணுல ஒரு குண்டுமணி தங்கமாவது கிடைக்குமா கண்ணு?" என்று கேட்டார். கிடைக்காது என்றேன். "எங்க ஊர்ல இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அவர் ஊர் கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்றால் உங்களுக்கு யாஷ் நடித்த படம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கதை கற்பனை. அந்த ஊர் கற்பனை இல்லை. கர்நாடகத்தில் இருந்தாலும், சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பது படம் பார்த்த என் நண்பர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' 2024-இல் வந்த பிறகுதான் சிலர் என்னிடம் விசாரித்தார்கள்.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் அங்கே வேலையைத் தொடங்கியது. ஆள் வேண்டியிருந்தது. வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் போனார்கள். அவர்களில் மிகப் பலர் தலித் மக்கள். சொந்த நிலம் கிடையாது, ஊரில் கூலியும் மரியாதையும் கிடையாது. பூமிக்குள் இறங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் மாதச் சம்பளம் உண்டு. நம் அப்பாக்கள் விமானம் ஏறிய காரணமும் இதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை.

1902-இல் காவிரியின் சிவனசமுத்திரம் அருவியிலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து, தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905-இல். வெள்ளைக்காரர்களின் பங்களாவும் கிளப்பும் இருந்ததால் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். அந்தப் பெயரை இன்றும் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. கிளப் இருந்த அதே ஊரில் தொழிலாளிகள் மூங்கில் தட்டிக் குடிசைகளில் இருந்தார்கள். எனக்குப் பிடித்த தங்கவயல் வேறு. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய நூல்களைப் பின்னாளில் அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பகலெல்லாம் பாறை உடைத்தவர்களின் ஊர் அது!

சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. நம்ம புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர். அதை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கித் தலைகீழாக உள்ளே விட்டாலும் அடி தொடாது. அங்கே பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். 1965-இல் அதே ஆழத்தைப் பயன்படுத்தி விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற துகளைத் தேடினார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகிலேயே முதலில் பதிவு செய்த இரண்டு இடங்களில் தங்கவயல் ஒன்று. மற்றதும் தங்கச் சுரங்கம்தான், தென்னாப்பிரிக்காவில்.

இப்போது தாத்தாவுக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இதைப் படித்தபோது எனக்கே திக்கென்றது.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் போயின. தோண்டிய தங்கத்தை வெளிச் சந்தையில் விற்க முடியாது. சர்வதேச விலையான அவுன்ஸுக்கு 35 டாலர் கணக்கில் அரசே எடுத்துக்கொள்ளும். இந்தியக் கடைத்தெருவிலோ தங்கத்தின் விலை 1960-களில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏனென்றால் வெளிநாட்டுத் தங்கம் வரத் தடை இருந்தது. அந்த விலை வித்தியாசத்தில் பிழைத்த ஊர் எது தெரியுமா? துபாய். லண்டனிலும் சூரிக்கிலும் வாங்கிய தங்கம் விமானத்தில் இங்கே வரும். இங்கிருந்து மரக்கலங்களில் பம்பாய்க் கரைக்குப் போகும். இந்தியாவில் அது கடத்தல், துபாய் சட்டப்படி சாதாரண மறு ஏற்றுமதி. தாத்தாவின் சுரங்கத்தை நட்டக்கணக்கில் தள்ளிய அதே வித்தியாசம் க்ரீக் ஓரத்து வியாபாரிகளுக்கு லாபமானது.

அதற்காக துபாயைத் திட்ட நான் வரவில்லை. தங்கவயல் படுத்ததற்கு அது மட்டுமே காரணமும் இல்லை. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்குக் குறைந்துவிட்டது. அதற்காக இன்னும் ஆழம், இன்னும் செலவு. 2001 பிப்ரவரி இறுதியோடு சுரங்கத்தை மூடினார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் வெளியே போயிருந்தது. நீர் இறைக்கும் பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது.

துபாயும் ஒருமுறை இப்படிப் படுத்த ஊர்தான். முத்துக்குளிப்பு ஒன்றையே நம்பி இருந்தார்கள், அந்த முத்தை வாங்கியதும் பெரும்பாலும் பம்பாய் வியாபாரிகள். ஜப்பானின் மிகிமோதோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1929-இல் உலகமே பொருளாதார வீழ்ச்சியில் விழுந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே மக்கள் பட்டினி கிடந்திருக்கிறார்கள். இங்கே யாரும் முத்து திரும்பி வரும் என்று காத்திருக்கவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஷேக் ராஷித் கடன் வாங்கி, மண் மூடிக்கொண்டிருந்த க்ரீக்கை ஆழப்படுத்தினார். 1961-இல் அந்த வேலை முடிந்தது. எண்ணெய் கண்டுபிடித்தது அதற்கும் ஐந்து வருடம் கழித்து. ராஷித் துறைமுகம் 1972, ஜெபல் அலி 1979.

ஒப்பிடுவது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் இல்லை. துபாய்க்குத் தன் முடிவைத் தானே எடுக்க முடிந்தது. தங்கவயலின் முடிவுகளை முதலில் லண்டனிலும், பிறகு பெங்களூரிலும் டெல்லியிலும் எடுத்தார்கள்.

தாத்தா இன்றும் அங்கேதான் இருக்கிறார். பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் வாசலிலிருந்து எனக்குத் தெரிவது சயனைட் மேடு. பாறையை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய தூள், மலை மாதிரி நிற்கிறது. ஒரு செடி முளைக்காது. காற்றடித்தால் ஆயா ஓடிப்போய்க் கொடியில் இருக்கும் துணியை எடுப்பார். இதுபோல் 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்று தாத்தா வீடியோ காலில் வந்தார். இனிப்பு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

"மறுபடியும் சங்கு ஊதும், பாரு" என்றார். ஷிஃப்ட் மாறும்போது சுரங்கத்தில் ஊதிய சங்கு.

எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தியது. அந்தத் தூளில் டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூட இல்லை. இயந்திரங்கள் அள்ளும், இயந்திரங்கள் கழுவும். எத்தனை பேருக்கு வேலை வரும்? தூள் பறக்காமல் யார் பார்த்துக்கொள்வார்கள்? என் பெரியப்பா மகன் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போய், இரவில் திரும்புகிறார். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டால் தங்கத்தைப் பற்றிப் பேசமாட்டார். பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை தங்கவயலுக்குப் பக்கத்தில் பேத்தமங்கலம் வழியாகப் போகிறது. காலியாகக் கிடக்கும் சுரங்க நிலத்தில் தொழிற்பேட்டை வரும் என்ற பேச்சும் இருக்கிறது. "ரெண்டும் சேர்ந்துச்சுன்னா நான் எட்டு மணிக்கு எழுந்திரிப்பேன்" என்கிறார் அண்ணன். 1964-இல் தொடங்கிய பெமல் தொழிற்சாலை, மண் அள்ளும் பெரிய இயந்திரங்களை இன்றும் அங்கேதான் செய்கிறது. தங்கமே இல்லாமல் தங்கவயலில் சோறு போடமுடியும் என்பதற்கு அது கண்முன்னால் நிற்கிறது.

என் ஆசையும் அண்ணன் பக்கம்தான். சாலைதான் தங்கவயலின் க்ரீக் என்று தோன்றுகிறது. போன விடுமுறையில் இதைத் தாத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். முத்து, க்ரீக், ஜெபல் அலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரோடு வரட்டும் கண்ணு, நல்லதுதான்" என்றார். கொஞ்ச நேரம் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா உன் துபாய்க்காரன் கடலை மூடலையே. எங்க குழியில தண்ணி இல்ல நிக்குது?"