மூத்தாப்பாட துவக்கும் குறி தப்பிய குண்டும்



நம்மிடம் படித்துவிட்டு இப்போது வயல் செய்யும் தம்பி ஒருவர் போன வாரம் இப்படிக் கேட்டு அனுப்பியிருந்தார். “சேர், மூத்தாப்பாட துவக்கு வீட்டில கிடக்கு. அடிச்சா ஒரு பக்கமாப் போகுது. கனக்கச் செலவில்லாம வீட்டிலேயே குறியைச் சரியாக்கலாமா?” வட்டையில் யானை இறங்கும் காலம். அவர் பயம் நமக்கு விளங்குகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். துருக்கியர் ‘துஃபெக்’ என்றது நம் வாயில் ‘துவக்கு’ ஆனது. தமிழ்நாட்டாரின் ‘துப்பாக்கி’யும் அதே வேரில் வந்ததுதான். போர்த்துக்கேயர் இங்கு வந்து நூறு வருடம் ஆவதற்குள், இலங்கைக் கொல்லர்கள் அவர்களையே மிஞ்சும் துவக்குகளைச் செய்தார்கள் என்று தியோகோ து கோத்தோ என்ற போர்த்துக்கேய வரலாற்றாசிரியரே எழுதிவைத்தார். 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் கொள்ளையிட்டுப் போன பொருட்களில் ஆறு, 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து கொழும்புக்குத் திரும்பி வந்தன. அவற்றில் இரண்டு பெருந் துவக்குகள். கைவேலையில் நம் நாட்டவர் யாருக்கும் குறைந்தவர்களல்லர்.

அப்படியிருந்தும் அந்தக் காலத்துத் துவக்கு, எந்த நாட்டில் செய்ததானாலும், தூரத்தில் குறி தப்பியது. ஏன்?

அதற்கு விடை கண்டவர் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742 இல் அவர் எழுதிய நூல் குண்டின் ஓட்டத்தை அளந்து காட்டியது. அவர் பாவித்த சாமான்களோ மிக எளியவை: ஊசலாகத் தொங்கவிட்ட ஒரு மரப்பலகை, இடைவெளி விட்டுக் கட்டிய மெல்லிய கடதாசித் திரைகள். குண்டு துளைத்த ஓட்டைகளைப் பார்த்தால் அது போன பாதை தெரியும். ஒரு தடவை குழாயின் வாய்ப்பகுதியை இடப்பக்கம் சற்று வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது. போகப்போக வலப்பக்கம் திரும்பிவிட்டது!

காரணம் சுழற்சி. குழாயை விடக் குண்டு சற்றுச் சிறியது. அது உள்ளே சுவரில் உரசி உருண்டு, ஏதோ ஒரு பக்கமாகச் சுழன்றபடி வெளியேறும். அந்தச் சுழற்சிக்கேற்பக் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். மைதானத்தில் நம் பிள்ளைகள் பந்தின் ஓரத்தில் உதைத்து வளைத்து கோல் போடுகிறார்களே, அதே கதைதான். எந்தப் பக்கம் சுழலும் என்று முன்கூட்டித் தெரியாததால் எந்தப் பக்கம் வளையும் என்பதும் தெரியாது.

இதற்கு மருந்து, குழாயின் உட்சுவரில் திருகாணி போல வெட்டிய காடிகள். அவை குண்டைப் பம்பரம் போல, போகும் திசையையே அச்சாக்கிச் சுழற்றும். அப்போது அது பக்கம் விலகாது. ரைபிள் என்பது இதுதான். ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இதை முன்பே கையாண்டு வந்தார்கள். எண்ணெய் பூசிய சிறு துணித்துண்டில் குண்டைச் சுற்றி இறுக்கி இறக்குவார்கள். ஒவ்வொரு முறையும் மருந்தை ஒரே அளவாக அளந்து போடுவார்கள். அதிகச் செலவில்லாத திருத்தம் என்றால் அந்தக் காலத்தில் அதுதான். ஆனால் காடி இருந்தால்தான் அந்தத் துணிக்கு முழுப் பலன்.

ரொபின்ஸின் முடிவு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைத் திருத்த வந்தவர், 1751 இல் கடலூர் சென் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார்.

நூறு வருடம் கழித்து, சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் எடையுள்ள ரைபிளோடு இலங்கைக் காடுகளில் இறங்கினார். இரண்டே ஆழமான காடிகள். ஒரு வெடிக்கு ஒரு அவுன்ஸ் மருந்து. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாக எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். அரசாங்கமே யானைத் தலைக்கு வெகுமதி கொடுத்தது. வடக்கில் மட்டும் மூன்று வருடத்துக்குள் 3500 யானைகள். குறி சரியான துவக்கு செய்த வேலை அது.

அதே டெனன்ட் இன்னொரு கூட்டத்தாரையும் வியந்து எழுதினார்: வடக்கு, வடகிழக்குச் சோனகக் கிராமங்களின் பணிக்கர்கள். கையில் துவக்கில்லை, தோல் கயிறு மட்டும். காற்றின் திசை பார்த்து, காலடி பார்த்து, யானையின் பின்னங்காலுக்கு அருகில் போய்ச் சுருக்கிட்டார்கள். தூரத்தைக் கருவியால் வெல்லாமல் அறிவால் வென்றவர்கள் நம் முன்னோர்.

இனித் தம்பிக்குப் பதில். வட்டைக் காவலுக்கு நம் பக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் சொட்கன்கள். அதன் குழாயில் காடி இல்லை. சன்னம் பரவத்தான் செய்யும். வீட்டில் அரத்தால் ராவி அதை ரைபிளாக்க முடியாது. பழைய, துருப்பிடித்த குழாயில் கைவைத்தால் அது உங்கள் முகத்திலேயே வெடிக்கலாம். 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். மூத்தாப்பாட பெயரில் பத்திரம் இருந்தாலும் அது உங்களுக்குப் பத்திரமாகாது. முதலில் அதை முறைப்படி ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் நாமும் கூட வருவோம்.

இன்னொன்று. 2023 இல் மட்டும் இந்த நாட்டில் 450க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. 150க்கும் மேற்பட்ட மனிதர்களை யானைகள் கொன்றன. சன்னம் பட்ட யானை உடனே சாகாது. காலில் சீழோடு அலையும். அடுத்த நாள் விடிய வரம்பில் நடந்து வரும் அப்பாவி மனிதனைத்தான் அது சந்திக்கும். அவர் உங்கள் வாப்பாவாகவும் இருக்கலாம்.

தம்பி, யானை வெடியும், நல்ல மின்வேலியும், பரணில் முறைவைத்து விழித்திருக்கும் நாலு பேரும் வேண்டும். அந்த நாலு பேரைச் சேர்ப்பதுதான் இன்று நம்மால் செய்யக்கூடிய செலவில்லாத திருத்தம். இந்தப் போகத்துக்கு உங்கள் வட்டையில் யார் யார் முறைக்கு வருகிறீர்கள்? கீழே பெயரைப் போடுங்கள்.