காயல் பற்றிய செய்திகளும் சொன்னவர் சார்பும்

செய்தி எழுதுவோர் நடுநிலை பேண வேண்டும் என்பது நாளிதழ்கள் தோன்றிய பின் எழுந்த கோரிக்கையன்று. துனிசியாவில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், வரலாற்றுச் செய்திகளுக்குள் பொய் நுழையும் வாயில்களை வரிசைப்படுத்தினார். கொள்கைச் சார்பு, அறிவிப்பாளர்மீது ஆராயாது வைக்கும் நம்பிக்கை, உயர்ந்தோரின் தயவை நாடும் ஆசை, உலக நடைமுறை பற்றிய அறியாமை ஆகியன அவற்றுட் சில. காயல் துறைமுகம் பற்றி அவருக்கு முன்னர் எழுதப்பட்டவற்றை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவோம்.

மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சிக்காலத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் காயலில் வந்திறங்கின. அவ்வணிகத்தை இருவர் விவரிக்கின்றனர். ஒருவர், 1298இல் ஜெனோவாச் சிறையிலிருந்து தம் பயணக் கதையைச் சொன்ன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர், பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். பாண்டிய மன்னரும் அவர்தம் உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுக்கு ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்க விரும்பினர் என்கிறார் போலோ. மஅபர் உள்ளிட்ட துறைமுகங்களுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டன என்றும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். முழு எண்களாயினும், வெவ்வேறு வழியில் வந்த இரு செய்திகள் ஏறத்தாழ ஒத்துப்போவது அவற்றுக்கு வலுவூட்டுகிறது.

ஆனால், அக்குதிரைகள் விரைவில் மாண்டது ஏன் என்ற இடத்தில் இருவரும் பிரிகின்றனர். வறுத்த தானியமும் நெய்யும் பாலும் ஊட்டிப் பாண்டிய நாட்டார் அவற்றைக் கெடுத்தனர் என்பது வஸ்ஸாஃபின் கூற்று. பராமரிக்கத் தெரியாமையைப் போலோவும் சொல்கிறார். எனினும், விற்பனை குறைந்துவிடக் கூடாதென்று வணிகர்களே இலாடம் கட்டுவோரை இங்கு வரவிடாது தடுத்தனர் என்றும் சேர்க்கிறார். வஸ்ஸாஃப் ஃபார்ஸ் மாநில வரி நிர்வாகத்தைச் சார்ந்தவர். கீஷ் தீவிலிருந்து இக்குதிரை வணிகத்தை நடத்திய ஜமாலுத்தீன் அம்மாநில வரியையும் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் காயல் உள்ளிட்ட துறைமுகங்களைப் பாண்டியருக்காக நிர்வகித்தார். விற்றவரின் பக்கமிருந்து வந்த செய்தியில் விற்றவரின் குறை விடுபட்டுப்போனதில் வியப்பில்லை. அதற்காக வஸ்ஸாஃபின் எண்களைத் தள்ளிவிட வேண்டியதுமில்லை. சார்பு எங்கே தொடங்குகிறது என்று அறிந்தால் போதும்.

1311இல் மாலிக் காஃபூர் நடத்திய படையெடுப்பை டில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதினார். அலாவுத்தீன் கில்ஜியின் வெற்றிகளைப் பாடும் அந்நூல் நடுநிலை நாடியதன்று. ஆயினும், வீரபாண்டியனின் பக்கத்தில் முஸ்லிம்கள் இருந்ததையும், கலிமா ஓதியமையால் அவர்களுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்ததையும் அது மறைக்கவில்லை. இரு சமயங்களுக்கிடையிலான போராக அப்படையெடுப்பைச் சித்திரிக்க விரும்புவோருக்கு இவ்வொரு செய்தி போதிய மறுப்பாகும். தம் தரப்புக்கு உதவாததை ஒருவர் தாமே ஒப்பும்போது அச்சொல்லுக்கு எடை கூடுகிறது.

இனி நம்மையும் இவ்வளவுகோலில் நிறுத்த வேண்டும். போலோ புகழ்ந்த 'காயில்' இன்றைய காயல்பட்டினமே என்று நம்மிற் பலர் தயக்கமின்றி எழுதுகிறோம். திருநெல்வேலி வரலாற்றை 1881இல் வெளியிட்ட பேராயர் கால்டுவெல்லோ, பொருநையாற்றின் கழிமுகத்துக்கு வடக்கேயுள்ள பழையகாயலே அது என்றார். ஆற்று வண்டலால் கடல் விலகிய நிலத்தில் சிதறிக்கிடந்த சீன மட்பாண்டத் துண்டுகளை அவர் சான்றாகக் காட்டினார். அவர் கிறித்தவப் போதகர் என்பது இதற்கு மறுமொழி ஆகாது. சான்றுக்குச் சான்றே மறுமொழி. நம் ஊரின் தொன்மைக்குப் பழம் பள்ளிவாசல்களும் அரபுக் கல்லறைக் கல்வெட்டுகளும் தாமே சாட்சி சொல்லும். போலோவின் ஒரு பத்தியை இரவல் வாங்கித்தான் அது நிலைபெற வேண்டும் என்பதில்லை.

தீயவன் கொண்டுவரும் செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு திருமறை (49:6) பணிக்கிறது. பகைவன் சொல்வதை ஆராய்வது நமக்கு எளிது. நம்மைப் புகழ்ந்து வரும் செய்தியையும் அதே கண்டிப்போடு ஆராயும்போதுதான் நாம் எழுதுவது வரலாறு ஆகும்.