கோடைக் காய்கறியின் கதை: ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

கோடை வந்தால் காய்கறி விலை ஏறும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த செய்தி. விலை ஏறினால் விவசாயிக்கு லாபம்தானே, அப்படியென்றால் எல்லோரும் கோடையில் காய்கறி போட வேண்டியதுதானே என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் இதற்குப் பதில் பஞ்சாங்கத்திலோ விதைக்கடையிலோ இல்லை. அது கிணற்றுக்குள் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் இரண்டு ஊர்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

ராஜபாளையத்தை நூற்பாலைகளாலும் நாய்களாலும் அறிவோம். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆண்டாள் கோயிலாலும் பால்கோவாவாலும் அறிவோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளன. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆனி, ஆடியில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, இந்தப் பக்கம் வருவதற்குள் வற்றிவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் மட்டும் பெய்கிறது. அந்த மழையைத் தேக்கி வைத்தால்தான் மாசி, பங்குனி, சித்திரையில் எதையாவது பயிர் செய்ய முடியும். ஆகவே இங்கே கோடைச் சாகுபடியின் வரலாறு என்பது தண்ணீரைத் தேக்குவதன், இறைப்பதன் வரலாறுதான்.

கண்மாய்க் காலம்

மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை வரிசையாகக் கண்மாய்களில் நிறுத்தி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு மறுகால் பாயும்படி முன்னோர்கள் அமைத்திருந்தார்கள். கண்மாய்த் தண்ணீரில் முதல் உரிமை நெல்லுக்கு. புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கும் நெல் தை, மாசியில் அறுவடையாகும். அதன் பிறகு கண்மாயில் தண்ணீர் மிச்சமிருந்தால்தான் கோடைப் பயிர் என்ற பேச்சே எழும். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நேரம் என்பதை ஊர் நியமித்த நீர்பாய்ச்சி பார்த்துக்கொண்டார். கண்மாய் வற்றிய பிறகு அதன் உட்புறத்து ஈர வண்டலில் வெள்ளரி போடுவதும் தென்மாவட்டங்களில் பழைய வழக்கம்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். கோடைப் பட்டத்துக்கு அப்படி ஒரு புகழ்பெற்ற பழமொழி இல்லை. காரணம் எளிது. ஆடிப் பட்டம் பின்னால் வரப்போகும் மழையை நம்பியது. கோடைப் பட்டமோ முன்னால் பெய்து முடிந்த மழையை நம்பியது. முதலாவது நம்பிக்கை, இரண்டாவது கணக்கு!

கண்மாயைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தும் குடிமராமத்து ஊர் மக்களின் கடமையாக இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. 1858-ல் இதற்காகக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவர வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. சட்டத்தால் பழைய ஒற்றுமை திரும்பவில்லை. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணம் முழுவதையும் உலுக்கியபோது, மழையையும் கண்மாயையும் மட்டும் நம்பியிருந்தவர்களின் நிலை எவ்வளவு பலவீனமானது என்பது தெரிந்தது.

கமலை இறைத்த கிணறுகள்

கண்மாய்க்கு அடுத்த நம்பிக்கை கிணறு. இன்று பதிவேடுகளில் "தோட்டக்கால்" என்று சொல்லப்படுவது கிணற்றுப் பாசன நிலம்தான். அன்று தண்ணீர் இறைத்தது கமலை. ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கும்போது தோல் பொருத்திய சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாடு பின்னோக்கி ஏறினால் சால் கீழே போகும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் சில பாத்திகளே நனையும். எனவே கத்தரி, மிளகாய், கீரை என்று கொஞ்ச நிலத்தில் கொஞ்சமாகத்தான் போட முடிந்தது. பீர்க்கும் புடலும் கிணற்று மேட்டை ஒட்டிய பந்தலில் ஏறின.

இந்தக் கிணறுகளில் பல பங்குக் கிணறுகள். அப்பன் சொத்தை மகன்கள் பிரித்தால் கிணறும் அரைப் பங்கு, கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று பிரியும். யார் எந்த நாளில் கமலை கட்டுவது என்று முறை உண்டு. சண்டைகளும் உண்டு. ஆனாலும் அரைக்கால் பங்குக்காரருக்கும் தன் முறை வரும்போது தண்ணீர் உறுதி. மாடு இறைக்கிற வேகத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது என்பதால் கிணறும் தப்பித்தது.

இதற்கிடையே காய்கறிக்கு ஒரு போட்டியாளர் வந்தது. 1900-களின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி சென்னை மாகாணத்துத் தோட்டக்கால்களில் பரவியது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்த பருத்தி ஆராய்ச்சி நிலையம் பின்னாளில் "எஸ்.வி.பி.ஆர்." என்ற பெயரில் ரகங்களை வெளியிட்டது. அவற்றில் கோடைக்கும் நெல் தரிசுக்கும் ஏற்றவை உண்டு. மாசியில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பருத்திக்குக் கொடுப்பதா, காய்கறிக்குக் கொடுப்பதா என்பது இந்தப் பகுதிச் சம்சாரிகளின் நிரந்தரக் கேள்வி ஆனது. பருத்தி அழுகாது, நல்ல விலை வரும்வரை வைத்திருக்கலாம். வெண்டைக்காயை இரண்டு நாள் வைத்திருக்க முடியாது.

மின்சாரம் வந்தது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி எண்ணெய் இன்ஜின் பம்புகளைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றார். வசதியுள்ளவர்களே அதை வாங்க முடிந்தது. பெரிய மாற்றம் மின்சாரத்தால் வந்தது. 1932-ல் பைகாரா, 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் தொடங்கின.

சுதந்திரம் கிடைத்த காலத்தில் உணவுப் பஞ்சம் அரசியலையே முடிவு செய்தது. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தார். பருவமழை பொய்த்து, ரேஷன் கட்டுப்பாடுகள் மக்களை வாட்டிய ஆண்டுகள் அவை. 1952 தேர்தலில் அவர் சொந்த வட்டாரமான ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தோற்றார். அதன் பின் விருதுநகர்க்காரரான காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது கிராமங்களுக்கு மின்கம்பங்கள் வேகமாகப் போய்ச் சேர்ந்தன.

கமலை நின்று மோட்டார் ஓடத் தொடங்கியதும் கோடையில் கால் ஏக்கர் போட்டவர் ஒரு ஏக்கர் போட்டார். பெரியகுளம், மதுரை ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து பி.கே.எம். 1 தக்காளி, எம்.டி.யு. 1 பாகல் போன்ற ரகங்கள் வந்தன. 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1980-களின் நடுவில் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது.

ஆழம் போனது யார், காய்ந்தது யார்?

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் 1967 பீகார் வறட்சியின்போது குடிநீருக்காக இந்தியாவுக்கு வந்தவை. பின்னர் திருச்செங்கோடு ரிக் தொழிலின் தலைநகரமாகி, அந்த வண்டிகள் தமிழ்நாடு முழுவதும் ஓடின. பணம் இருந்தவர் நூற்றுக்கணக்கான அடிக்குப் போர் போட்டார். பக்கத்திலிருந்த திறந்தவெளிக் கிணறு வற்றியது. பங்குக் கிணற்றில் கால் பங்கும் அரைக்கால் பங்கும் பத்திரத்தில் இருந்தன, தண்ணீர் மட்டும் இல்லை. மின்சாரம் எல்லோருக்கும் இலவசம்தான். ஆனால் போர் போடும் செலவு இலவசம் இல்லையே!

இப்படி, மின்சாரம் சிறு விவசாயிக்குக் கொடுத்த கோடைப் பட்டத்தை ஆழ்குழாய் திரும்பப் பறித்தது. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் ஆள் கூலிக்குப் பயந்து தென்னைக்கும் மாவுக்கும் மாறினார்கள். 2016 வடகிழக்குப் பருவமழை பெரிய அளவில் பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதும் தற்செயல் இல்லை. மேலே கண்மாய் நிரம்பினால்தான் கீழே கிணறு ஊறும் என்பது பழைய பாடம்.

இன்றைய கணக்கு

அப்படியானால் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் கோடைக் காய்கறியை எப்படித் திட்டமிடுவது? வரலாறு சொல்லும் வழி இதுதான்: முதலில் தண்ணீரை அள, பிறகு நிலத்தை அள.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 4,000 லிட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தேவை என்று வைத்தால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். வாய்க்காலில் விட்டால் பாதி வீணாகும், ஆக 40,000 லிட்டர் இறைக்க வேண்டும். கிணறு நாளுக்கு 20,000 லிட்டர்தான் ஊறும் என்றால் வாய்க்கால் பாசனத்தில் 50 சென்ட் போடலாம். சொட்டுநீரில் ஏறக்குறைய 90 சென்ட் போடலாம். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டு என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

முக்கியமான விஷயம், தை மாதத்து நீர்மட்டத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. பயிர் முடிவது சித்திரையில். சென்ற ஆண்டு சித்திரையில் கிணறு எவ்வளவு ஊறியது என்பதே அளவுகோல்.

அடுத்தது நாள் கணக்கு. இதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். கத்தரி நாற்று 30 முதல் 35 நாளில் நடவுக்குத் தயாராகும். தக்காளிக்கு 25 நாள் போதும். மிளகாய்க்கு 40 நாளுக்கு மேல். மாசி முதல் தேதி கத்தரி நட வேண்டுமென்றால் மார்கழி கடைசியிலேயே நாற்றுப் பாவியிருக்க வேண்டும். அப்போது நெல் இன்னும் வயலில் நிற்கும், கவனமெல்லாம் அறுவடையில் இருக்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். குழித்தட்டு நாற்று இதற்கு ஒரு வழி. வெண்டை, கொத்தவரை, பாகல், புடல் ஆகியவற்றை நேரடியாக ஊன்றலாம். வெண்டை 45 நாளில் காய்ப்புக்கு வரும், பாகல் வர இரண்டு மாதம் ஆகும். தாமதித்தால் கடும் வெயிலில் தக்காளிப் பூ உதிரும், பாகலில் ஆண் பூவே அதிகம் வரும், வெண்டையில் வெள்ளை ஈ மஞ்சள் நரம்பு நோயைப் பரப்பும்.

மூன்றாவது சந்தைக் கணக்கு. மதுரையில் 1999 நவம்பர் 14-ல் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உட்பட பல ஊர்களுக்கும் அது வந்தது. உழவர் சந்தையில் தினமும் ஒரு கூடை கொண்டுவருபவருக்குத்தான் பலன் அதிகம். ஒரே நாளில் பத்து மூட்டை பறிப்பவர் கமிஷன் கடைக்குத்தான் போக வேண்டும். எனவே 50 சென்ட்டை ஒரே நாளில் விதைக்காமல் மூன்றாகப் பிரித்து, பதினைந்து நாள் இடைவெளியில் விதைப்பது நல்லது. விலை விழுந்தாலும் எல்லாம் ஒன்றாக விழாது. கிணறு ஏமாற்றினால் மூன்றாவது பகுதியை விதைக்காமலே விட்டுவிடலாம், நஷ்டம் அந்த அளவுக்குக் குறையும்.

இப்படிப் பிரித்து விதைப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கமலை காலத்தில் சில பாத்திகளாகப் போட்டவர்களும் கையில் உள்ள தண்ணீருக்கு ஏற்பத்தான் போட்டார்கள். அன்று மாட்டின் கால்கள் அளவை முடிவு செய்தன. இன்று மோட்டார் சுவிட்சுக்கு அளவு தெரியாது, போடுகிற கைக்குத்தான் தெரிய வேண்டும். ஆனால் ஒருவர் மட்டும் அளந்தால் போதாது. பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லும் அதே நீரைத்தான் உறிஞ்சுகிறது. பங்குக் கிணற்றில் இருந்த "முறை" என்ற ஒன்றை நிலத்தடி நீருக்கும் ஊர் கூடி வைக்காதவரை, ஒன்றரை ஏக்கர்க்காரரின் கோடைப் பட்டம் ஒவ்வொரு ஆண்டும் பந்தயமாகத்தான் இருக்கும்.