மன்னரைத் தேடித் தந்த மகள்வழி

உங்கள் தந்தையாரின் தந்தையார் பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். அவருக்கும் தந்தையார் யார் என்பதைப் பழைய நிலப் பத்திரம் ஒன்றைப் புரட்டியாவது கண்டுபிடித்துவிடலாம். ஆனால் தாயாரின் தாயாருக்குத் தாயார் பெயர் என்ன? நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். இதை எழுதுபவனும் அவர்களுள் ஒருவனே. இப்படி நாம் மறந்துவிடும் மகள்வழிதான், இங்கிலாந்தில் 500 ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்த ஒரு மன்னரின் புதைகுழியை ஐயமற நிலைநாட்டியது.

அம்மன்னர் மூன்றாம் ரிச்சர்டு. 1485 ஆகஸ்டு 22ஆம் நாள் பாஸ்வொர்த் போர்க்களத்தில், தமது 32ஆம் வயதில் அவர் வெட்டுண்டு மடிந்தார். வென்ற ஏழாம் ஹென்றியின் ஆட்கள் உடலை லெஸ்டர் நகருக்குக் கொண்டு சென்று மக்கள் பார்வைக்கு வைத்தனர். பின்னர் சாம்பல்நிற அங்கித் துறவிகளின் மடத்துக் கோயிலில் அது புதைக்கப்பட்டது. 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அம்மடம் கலைக்கப்பட்டது, கோயிலும் இடிந்தது. எலும்புகளைத் தோண்டிச் சோர் ஆற்றில் எறிந்துவிட்டனர் என்ற கதை ஊரில் பரவியது. 1856இல் ஆற்றுப் பாலத்தருகே அதற்கு ஒரு கல்வெட்டே வைத்துவிட்டார்கள்! கல்லில் பொறித்துவிட்டால் கதையும் வரலாறாகிவிடும் போலும். ஆனால் 1612இல் மடம் இருந்த இடத்துத் தோட்டம் ஒன்றில், மன்னர் இங்கே கிடக்கிறார் என்று அறிவிக்கும் தூண் ஒன்றைக் கண்டதாக வேறொரு குறிப்பும் இருந்தது. ஆறா, தோட்டமா? எது மெய்?

விடைக்கான முதற் படி லெஸ்டரில் எடுத்து வைக்கப்படவில்லை என்பது சுவையான செய்தி. பெல்ஜியத்தின் மெக்கலன் நகரில் கிடைத்த சில எலும்புகள் ரிச்சர்டின் தமக்கை மார்கரெட்டினுடையவையா என்று அறிய வேண்டியிருந்தது. அதற்காக ஜான் ஆஷ்டவுன் ஹில் என்ற வரலாற்றறிஞர், அவ்வுடன்பிறந்தாரின் தாய்வழியில் இன்று உயிரோடிருப்பவர் யார் என்று தேடினார். மூத்த தமக்கை ஆன் தொடங்கி மகள், மகளின் மகள் என்று இறங்கி, 2004இல் கனடாவில் வாழ்ந்த ஒரு மூதாட்டியிடம் வந்து சேர்ந்தார். மெக்கலன் எலும்புகள் பொருந்தவில்லை. ஆனால் அந்த வம்சாவளி வீண்போகவில்லை.

ஏன் தாய்வழி? நம் உடலின் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உண்டு. அவற்றுக்கெனத் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. இருக்கிறது, ஏறத்தாழ 16,500 எழுத்துகள் கொண்ட சுருக்கமான சாசனம். இது தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. மகனும் பெறுகிறான், ஆனால் அவன் தன் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. ஆதலால் சங்கிலியில் ஓரிடத்திலும் ஆண் குறுக்கிடாதிருக்க வேண்டும். மணமானதும் பெண்ணின் குடும்பப் பெயரே மாறிவிடும் நாட்டில் இது எளிதன்று. ஒவ்வோர் இணைப்புக்கும் திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, உயில் என்று சான்று தேட வேண்டும். பங்குதோறும் இத்தகைய பதிவேடு வைக்க ஆணையிடப்பட்டதும் மடம் கலைக்கப்பட்ட அதே 1538இல்தான். கல்லறையை மறைத்த ஆட்சியே, அதைக் கண்டறிய உதவும் ஏட்டையும் திறந்து வைத்தது!

2012 ஆகஸ்டு 25ஆம் நாள், மடம் இருந்த இடத்து வாகன நிறுத்துமிடத்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் தோண்டத் தொடங்கினர். முதல் நாளே இரு கால் எலும்புகள் தென்பட்டன. குழி உடலின் நீளத்துக்குப் போதாமல் அவசரமாகத் தோண்டப்பட்டிருந்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. இறக்கும் தறுவாயில் பட்ட காயங்கள் பதினொன்று. அவற்றுள் ஒன்பது மண்டையோட்டில். கதிரியக்கக் கார்பன் சோதனை முதலில் சற்று முந்திய காலத்தைக் காட்டியது. இறந்தவர் கடல்மீன் மிகுதியாக உண்டவர். கடலின் கார்பன் பழமையானது. அதைக் கழித்துப் பார்த்ததும் 1485ஆம் ஆண்டு கணக்குக்குள் அடங்கியது.

கனடா மூதாட்டி 2008இலேயே காலமாகியிருந்தார். அவருடைய மகன் லண்டனில் தச்சு வேலை செய்துவந்தார். தலைமுறை பதினேழு கடந்தும் அவருடைய மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. எலும்பினதுடன் முழுவதும் ஒத்திருந்தது. ஒரு சான்று போதுமா? அறிஞர்கள் வேறொரு கிளையில் இறங்கி இன்னொரு பெண்மணியைக் கண்டனர். அங்கு ஓர் எழுத்து மட்டுமே மாறியிருந்தது.

தந்தைவழிதான் ஏமாற்றியது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமை, ஏடுகளின்படி அதே அரச மரபில் வந்த ஆடவர் ஐவரிடம் ஒப்பிட்டனர். ஒருவருடையதும் பொருந்தவில்லை. நால்வர் தமக்குள் ஒத்தனர். ஐந்தாமவர் அவர்களோடும் ஒத்துப்போகவில்லை. நெடிய அந்த வரிசையில் எங்கோ, ஏட்டில் தந்தை என்று எழுதப்பட்டவர் மெய்யான தந்தை அல்லர். யாருடைய காலத்தில் என்று சொல்வதற்கில்லை. எல்லாச் சான்றுகளையும் கூட்டிப் பார்த்து, அவ்வெலும்புகள் ரிச்சர்டினுடையவையே என்று 2014 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று.

2015 மார்ச்சு 26ஆம் நாள் எலும்புகள் லெஸ்டர் பேராலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. ஓக் மரத்தாலான சவப்பெட்டியைச் செய்து கொடுத்தவர் அந்த லண்டன் தச்சர்தாம்.